பனி மலைக்குள் நுழையும் முன்: பனிச்சரிவு அபாயத்தை அறிந்து பயணம் செய்ய முழுமையான வழிகாட்டி

பனிச்சரிவில் சிக்கி இறந்த பயணிகளின் கதைகளை எடுத்துப் பார்த்தால், ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் அந்தப் பனியைக் கிளப்பிவிட்டது அவர்களே, அல்லது கூட வந்த ஒருவர். மலை தானாக அவர்கள் மேல் பாயவில்லை. அவர்கள் கால் வைத்த இடத்தில், அவர்களின் எடையால் பனி உடைந்தது. இந்தத் தகவலை முதன்முதலில் அறிந்தபோது எனக்குப் பயத்தைவிட நம்பிக்கைதான் அதிகம் வந்தது. உடைப்பவர் நாம் என்றால், உடைக்காமல் இருப்பதும் நம் கையில்தானே இருக்கிறது.

பனிக்குள் என்ன நடக்கிறது என்பதை நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள வழிகாட்டியாலும் முழுதாகச் சொல்லிவிட முடியாது. ஒரு சரிவு எத்தனை டிகிரி என்பதையோ யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். அதனால் தெரியாத பனியை நம்பி முடிவெடுக்காமல், தெரிந்த கோணத்தை நம்பி முடிவெடுக்கப் பழகுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு பழக்கத்தைச் சுற்றியே அமைந்தவை.

இங்கே பேசுவது பனிச்சறுக்கு மையங்களின் எல்லைக்கு வெளியே உள்ள மலைகளைப் பற்றி. மையங்களுக்குள் காவல் குழுவினர் அதிகாலையிலேயே வெடிவைத்து அபாயமான பனியை இறக்கிவிடுவார்கள். எல்லையைத் தாண்டிய பிறகு அந்த வேலையைச் செய்ய யாரும் இல்லை. இதைப் படிப்பது பயிற்சி வகுப்புக்கு ஈடாகாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். களத்தில் இரண்டு மூன்று நாள் நடக்கும் அடிப்படை வகுப்பு ஒன்றில் சேராமல் யாரும் குளிர்கால மலைக்குப் போகக்கூடாது.

முதலில்: பனி எப்படி உடைகிறது

பனிச்சரிவில் பல வகை உண்டு. ஒரு புள்ளியில் தொடங்கி, விசிறிபோல விரிந்து இறங்கும் உதிரிப் பனி ஒரு வகை. செங்குத்தான இடங்களில் அது ஆளைத் தள்ளிவிடும், ஆனால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். உயிரைப் பறிப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை பாளமாகப் பெயர்ந்து வரும் பனிச்சரிவுகள்.

மேசை மேல் சர்க்கரையை மெல்லியதாகத் தூவி, அதன் மேல் ஒரு கனமான கண்ணாடிப் பலகையை வைத்து, மேசையை ஒரு பக்கம் தூக்குவதாக எண்ணிப் பாருங்கள். கண்ணாடி என்பது இறுகிய பனிப்பாளம். சர்க்கரை என்பது அடியில் இருக்கும் பலவீன அடுக்கு. மேசைப் பரப்பு என்பது பாளம் வழுக்கி ஓடும் பழைய பனி. மேசையின் சாய்வுதான் மலைச்சரிவு. இவை நான்கும் ஒன்றுகூடிவிட்டால், தூண்டுவதற்கு ஓர் ஆளின் எடை போதும். ஒரு சிறு புள்ளியில் பலவீன அடுக்கு நொறுங்கியதும் விரிசல் கண் இமைக்கும் நேரத்தில் சரிவு முழுக்க ஓடிவிடுகிறது. அதனால்தான் சிக்கியவர் பெரும்பாலும் பாளத்தின் நடுவில் நிற்கிறார், ஓரத்தில் அல்ல.

பனிச்சறுக்கு வீரர்களைக் கொல்லும் பாளம் மலையளவு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வழக்கமாக அதன் தடிமன் சுமார் அரை மீட்டர், அகலம் சுமார் 50 மீட்டர்தான். ஆனால் ஓடி நின்ற பனியின் ஒவ்வொரு கன மீட்டரும் 300 முதல் 500 கிலோ இருக்கும். வேகமோ சில நொடிகளில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்.

பலவீன அடுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுள்ளது. தெளிவான, காற்றில்லாத குளிர் இரவில் பனியின் மேற்பரப்பில் இறகுபோன்ற உறைபனிப் படிகங்கள் வளரும். காலை வெயிலில் அவை மின்னும் அழகைப் பார்த்து மயங்காதவர் இல்லை. அந்த அழகின் மேல் அடுத்த பனிப்பொழிவு விழுந்து மூடியதும் அது வாரக்கணக்கில் காத்திருக்கும் கண்ணியாகிவிடுகிறது. இன்னொரு வழி, பனிக்குள்ளேயே நடக்கும் மாற்றம். தரையை ஒட்டிய பனி எப்போதும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். மேலே காற்று கடுங்குளிராக இருந்து, பனியும் ஆழமில்லாமல் இருந்தால், வெப்பநிலை வேறுபாடு மிகச் செங்குத்தாக இருக்கும். 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் மாறினால், நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, படிகங்களைக் கோணல்மாணலான, ஒன்றோடொன்று ஒட்டாத துகள்களாக மாற்றிவிடுகிறது. பருவத் தொடக்கத்தில் குறைவாக விழுந்த பனி பல மாதங்களுக்குத் தொல்லை தருவதற்கு இதுவே காரணம்.

ஒருமுறை குழி தோண்டி அந்த அடுக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே உள்ள பனியைப் பிடித்தால் உருண்டையாகும். 70 சென்டிமீட்டர் ஆழத்தில் விரல் வைத்த இடத்தில் சுவர் தானாக உதிர்ந்து, குவளையிலிருந்து கொட்டும் சர்க்கரைபோலக் கீழே ஓடும். கையுறையில் விழுந்த துகள்களை உருப்பெருக்கியில் பார்த்தால் படிக்கட்டுபோல வரிவரியான விளிம்புகள் தெரியும். எவ்வளவு அழுத்தினாலும் உருண்டையாகாது. அதன் மேல் ஒரு மீட்டர் பனி உட்கார்ந்திருக்கிறது, அந்தப் பனி மேல் நாம் நிற்கிறோம் என்பது அந்த நொடியில் உறைக்கும்.

படி 1: முந்தைய இரவு அறிக்கையைப் படியுங்கள்

பல மலை நாடுகளில் குளிர்காலம் முழுவதும் பனிச்சரிவு அறிக்கை வெளியாகிறது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் 1940களிலிருந்தே இந்த வேலையைச் செய்துவருகிறது. ஐரோப்பிய நாடுகள் 1993-ல் ஒரே ஐந்து படி அளவுகோலுக்கு உடன்பட்டன. 1 குறைவு, 2 மிதம், 3 குறிப்பிடத்தக்கது, 4 அதிகம், 5 மிக அதிகம். வட அமெரிக்காவும் ஐந்து படிகளையே பயன்படுத்துகிறது.

இந்த எண்களைப் பள்ளி மதிப்பெண்போலப் படிக்கக்கூடாது. 3 என்றதும் "நடுத்தரம்தானே" என்று மனம் சொல்லும். உண்மையில் பல நாடுகளில் அதிக உயிர்கள் போவது 3-ஆம் படியில்தான். 4, 5 என்றால் அச்சத்தில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 3 அன்று வானம் தெளிந்திருக்கும், புதுப் பனி இழுக்கும், ஒரே ஓர் ஆளின் எடைக்கும் பாளம் உடையத் தயாராக இருக்கும். அபாயம் படிக்குப் படி சம அளவில் கூடுவதில்லை. மேலே போகப் போக மடங்கு மடங்காகப் பெருகுகிறது.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அறிக்கையை மூடிவிடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சரிவுகளில், என்ன வகைச் சிக்கல் என்பதுதான் அறிக்கையின் உயிர். ஐரோப்பிய அறிக்கைகளில் ஐந்து சிக்கல்கள் வரும்: புதுப் பனி, காற்று குவித்த பனி, நீடித்த பலவீன அடுக்கு, ஈரப் பனி, தரையோடு வழுக்கும் பனி. புதுப் பனிச் சிக்கல் பெரும்பாலும் சில நாளில் அடங்கும். நீடித்த பலவீன அடுக்கு அப்படியல்ல. வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல இருந்து, பத்துப் பேர் நடந்த சரிவில் பதினோராவது ஆளுக்கு உடையும். அறிக்கையில் அந்தச் சொல் வந்துவிட்டால் அன்று செங்குத்தான இடங்களை நான் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவேன். அதில் விவாதம் கிடையாது.

அறிக்கை இல்லாத மலைகளும் ஏராளம். அங்கே கடந்த ஒரு வார வானிலை, உள்ளூர் மக்களின் சொல், உங்கள் கண் ஆகியவற்றை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தகவல் குறைந்தால் கோணத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: வரைபடத்தில் கோணத்தை அளங்கள்

பாளப் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரிக்குள் உடைகின்றன. 38 டிகிரியை ஒட்டிய சரிவுகளே மிகவும் ஆபத்தானவை. 60-க்கு மேல் போனால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். 30-க்குக் கீழ் பாளம் உடைவது அரிது. வருந்தத்தக்க உண்மை என்னவென்றால், சறுக்குவதற்கு இன்பமான கோணமும் உடைவதற்கு வாகான கோணமும் ஒன்றேதான்.

1:25,000 வரைபடத்தில் உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக இருந்தால், 30 டிகிரிச் சரிவில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடைவெளி சுமார் 1.4 மில்லிமீட்டர். 40 டிகிரியில் அது 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இப்போது சாய்வைப் பல நிறங்களில் காட்டும் கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டதால் வேலை எளிது. ஆனால் வரைபடம் சிறு மேடுகளைத் தேய்த்துச் சமனாகக் காட்டும். 28 டிகிரி என்று தெரியும் சரிவுக்குள் பத்து மீட்டர் உயரத்தில் 38 டிகிரித் துண்டு ஒன்று ஒளிந்திருக்கலாம். ஒரு சரிவின் கோணம் என்பது அதன் மிகச் செங்குத்தான பகுதியின் கோணம். சராசரி அல்ல.

ஸ்விட்சர்லாந்து மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் வகுத்த எளிய வரம்பு பலருக்கு உதவியிருக்கிறது. அபாயப் படி 2 என்றால் 40 டிகிரிக்குக் கீழ், 3 என்றால் 35-க்குக் கீழ், 4 என்றால் 30-க்குக் கீழ். 5 அன்று மலைக்கே போவதில்லை. என் கருத்தில், புதியவர்கள் 3-ஆம் படியிலேயே 30-க்குக் கீழே நிற்பது நல்லது.

நீங்கள் நடக்கும் இடம் மட்டும் 20 டிகிரியாக இருந்து பயனில்லை. தலைக்கு மேல் 35 டிகிரிச் சரிவு தொங்கிக்கொண்டிருந்தால், கீழே நடக்கும் உங்கள் எடையே தொலைவிலிருந்து அதை இழுத்து இறக்கிவிடலாம். மேலே என்ன, கீழே என்ன என்ற இரண்டு கேள்விகளையும் பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் கேளுங்கள். கீழே ஓடைப் பள்ளம், பாறை விளிம்பு, மரக்கூட்டம், பனி இடுக்கு எது இருந்தாலும் அது கண்ணிதான். குறுகிய பள்ளத்தில் சிறு பனிச்சரிவும் ஆளை மூன்று மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடும். மரங்களை நம்பி ஏமாறுபவர்கள் அதிகம். நுழைந்து சறுக்க முடியாத அளவுக்கு நெருங்கிய காடுதான் பனியைப் பிடித்து நிறுத்தும். இடைவெளி விட்ட மரங்கள் பனியை நிறுத்துவதில்லை, அடித்துவரும் ஆளை மோதவைக்கத்தான் உதவும்.

திட்டத்தோடு ஒரு மாற்றுத் திட்டமும் இருக்கட்டும். எந்த இடத்தில் எதைப் பார்த்தால் திரும்புவோம் என்பதை வீட்டில் சூடான அறையில் இருக்கும்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மலை உச்சி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அந்த முடிவை நியாயமாக எடுக்க முடியாது.

படி 3: மூன்று கருவிகள், ஒரு சோதனை

டிரான்சீவர் (அலையை அனுப்பியும் பெற்றும் புதைந்தவரைத் தேட உதவும் சிறு கருவி), துழாவுகோல் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீண்ட கோல்), பனிவாரி (பனியைத் தோண்டி அள்ளும் கருவி). மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். டிரான்சீவர்கள் எல்லாம் உலகம் முழுவதும் 457 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் இயங்குகின்றன. எந்த நிறுவனத்தின் கருவியும் வேறு எந்த நிறுவனத்தின் கருவியையும் கண்டுபிடிக்கும். அதை முதுகுப்பையில் வைக்காமல் மேலாடைக்கு அடியில் உடலோடு கட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசி, கேமரா போன்றவை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தேடும்போது 50 சென்டிமீட்டர். துழாவுகோல் 240 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. பனிவாரி உலோகத்தில் இருக்க வேண்டும். ஓடி நின்ற பனி சிமென்ட்போல இறுகிவிடும், பிளாஸ்டிக் அதில் உடைந்துபோகும்.

காற்றுப்பை உள்ள முதுகுப்பை வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். ஓடும் பனியில் பெரிய பொருள்கள் மேலே வரும் இயல்பைப் பயன்படுத்தி, அது ஆளை மேற்பரப்புக்கு அருகில் வைத்திருக்கிறது. கைப்பிடியை இழுத்தால்தான் அது விரியும், மரத்திலும் பாறையிலும் மோதுவதை அது தடுக்காது. காற்றுப்பை இருக்கிறது என்பதற்காக 5 டிகிரி கூடுதலாகத் துணிந்தால், வாங்கியதன் பலன் அங்கேயே போய்விடும்.

புறப்படும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சோதனை செய்யுங்கள். ஒருவர் தள்ளி நிற்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போக வேண்டும். எல்லோருடைய கருவியும் அனுப்புகிறதா, பெறுகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். மின்கலத்தின் அளவையும் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

படி 4: நடக்கும்போது மலை சொல்வதைக் கேளுங்கள்

மலை சில வேளைகளில் மிக வெளிப்படையாகவே பேசிவிடுகிறது. அதே திசை பார்த்த சரிவில் புதிதாக விழுந்த பனிச்சரிவு ஒன்று கண்ணில் பட்டால், அதைவிடத் தெளிவான சான்று வேறு இல்லை. காலடியிலிருந்து விரிசல் ஓடுவது இன்னொன்று. 24 மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் புதுப் பனி, பனி மேல் மழை, திடீரென ஏறும் வெப்பநிலை ஆகியவையும் அபாயத்தின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கோணத்தைக் குறையுங்கள். இரண்டு தெரிந்தால் திரும்புங்கள்.

இவற்றுக்கெல்லாம் மேல் ஓர் ஒலி உண்டு. நான் முதன்முதலில் அதைக் கேட்டது ஏறக்குறைய சமதளமான ஒரு புல்வெளியில். ஐந்து பேர் வரிசையாக நடந்துகொண்டிருந்தோம். நான் மூன்றாவது. காலுக்கு அடியில் யாரோ பெரிய மெத்தை மேல் விழுந்ததுபோல "வும்" என்று ஓர் ஆழ்ந்த ஒலி. காதில் கேட்டதைவிட வயிற்றில் உணர்ந்தேன் என்பதே சரி. தரை ஒரு விரற்கடை அளவு இறங்கியது. இருபது மீட்டர் தள்ளி நின்ற சிறு ஊசியிலை மரத்தின் மேலிருந்த பனி, யாரும் தொடாமல், பொலபொலவென உதிர்ந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. எங்கள் காலடியில் இருந்த பலவீன அடுக்கு நொறுங்கி, அந்த நொறுங்கல் அந்த மரம் வரை ஓடியிருக்கிறது. அங்கே சாய்வு இல்லாததால் பாளம் நகரவில்லை, அவ்வளவுதான். அன்று போக நினைத்த சரிவு 34 டிகிரி. அந்த இடத்திலேயே தேநீர் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினோம்.

காற்றை எப்போதும் கவனியுங்கள். வானத்திலிருந்து விழுவதைவிடப் பத்து மடங்கு வேகத்தில்கூடக் காற்று பனியைக் குவித்துவிடும். முகட்டின் ஒரு பக்கத்திலிருந்து அள்ளி மறுபக்கத்தில், காற்று மறைவில், தலையணைபோல வைக்கும். அந்தத் தலையணைகள் வழுவழுப்பாக, வெண்சுண்ணாம்புபோல இருக்கும். மிதித்தால் மத்தளம்போல வெற்றொலி வரும். முகட்டில் தொங்கும் பனிவிளிம்பு காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். அந்த விளிம்பு நாம் நினைப்பதைவிட வெகு உள்ளே உடையும். முகட்டில் நடக்கும்போது விளிம்பு எங்கே என்று எட்டிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம்.

இளவேனிலில் கணக்கு வேறு. இரவு தெளிவாக இருந்து மேற்பரப்பு உறைந்திருந்தால் காலையில் பனி பாறைபோல நிற்கும். வெயில் ஏற ஏற நீர் உள்ளே இறங்கி அடுக்குகளின் பிணைப்பைக் கரைக்கும். சரிவில் பனி உருண்டைகள் தானாக உருளத் தொடங்குவதும், கால் கணுக்காலுக்கு மேல் புதைவதும் "நேரமாகிவிட்டது" என்ற அறிவிப்பு. விடியலுக்கு முன் ஏறி, முற்பகலுக்குள் வெயில் படும் சரிவுகளை விட்டு வெளியேறிவிட வேண்டும். இரவில் மேகம் மூடி உறையாமல் போயிருந்தால், அன்று காலையே தாமதம்தான்.

குழி தோண்டிச் செய்யும் சோதனைகளும் உண்டு. சரிவின் குறுக்கே 90 சென்டிமீட்டர், சரிவின் மேல்நோக்கி 30 சென்டிமீட்டர் கொண்ட பனித்தூணைச் செதுக்கி, ஒரு முனையில் பனிவாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 என 30 முறை தட்டுவார்கள். விரிசல் தூணின் மறுமுனை வரை ஒரேயடியாக ஓடினால் அபாயம். இதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு திசையில்தான் மதிப்பு. கெட்ட முடிவு வந்தால் நம்பித் திரும்புங்கள். நல்ல முடிவு வந்தால் அது அந்த ஒரு தூணைப் பற்றிய செய்தி மட்டுமே. ஐம்பது மீட்டர் தள்ளிப் பனி வேறாக இருக்கலாம்.

படி 5: கூட வருபவர்களையும் கவனியுங்கள்

2012 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையத்தை ஒட்டிய டனல் கிரீக் என்ற இடத்தில் 16 பேர் இறங்கினார்கள். பெரும்பாலோர் தேர்ந்த வீரர்கள், அந்த மலையை அறிந்தவர்கள், கருவிகளும் வைத்திருந்தார்கள். புதுப் பனி ஏராளம். அன்றைய அறிக்கையையும் பலர் அறிந்திருந்தார்கள். பனிச்சரிவு மூவரின் உயிரைப் பறித்தது. அந்தக் குழுவில் அறிவுக்குக் குறைவில்லை. இத்தனை பேர் இருக்கும்போது ஒருவர் வாய் திறந்து "வேண்டாம்" என்று சொல்வதுதான் கடினமாகிவிடுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கேமன் நூற்றுக்கணக்கான விபத்துகளை ஆராய்ந்து, மனித மனம் விழும் பொறிகளைத் தொகுத்தார். பழகிய இடம் என்ற தைரியம், மற்றவர் முன் நல்ல பெயர் எடுக்கும் ஆசை, வகுத்த திட்டத்தை விட மனமில்லாமை, குழுவில் ஒருவரைத் தலைவராக எண்ணி அவர் பின்னே போவது, ஏற்கனவே தடம் இருக்கிறது என்ற ஆறுதல், புதுப் பனியை மற்றவர் முந்திவிடுவாரோ என்ற அவசரம். இவற்றில் எதுவும் பனியைப் பற்றிய தகவல் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு எங்கள் குழுவில் ஒரே விதி. யாராவது ஒருவர் வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல் எல்லோரும் திரும்புவோம். இளையவர், புதியவர் முதலில் பேச வேண்டும், அனுபவசாலி கடைசியில். பெரியவர் பேசிவிட்டால் பிறகு மற்றவர்கள் அவர் சொன்னதையே சொல்வார்கள். குழுவில் நான்கைந்து பேருக்கு மேல் இருந்தால் பிரித்துக்கொள்வது நல்லது.

படி 6: கடக்க வேண்டியிருந்தால்

ஒருவர் பின் ஒருவராக, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று, கடப்பவரைக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். பாதுகாப்பான இடம் என்றால் முகட்டு முதுகு, நெருங்கிய காடு, ஓடிவரும் பனி எட்டாத மேடு. சரிவின் நடுவிலோ அடியிலோ நின்று மூச்சு வாங்குவது கூடாது. புகைப்படம் எடுக்க எல்லோரும் ஒன்றாக நிற்பதும் கூடாது. சரிவு வெளிப்புறமாகப் புடைத்திருக்கும் இடத்தில் பனி இழுவிசையில் இருக்கும், அங்கே கால் வைக்காமல் முடிந்தவரை உயரத்தில் கடக்கப் பாருங்கள். கைத்தடிகளின் வார்களைக் கழற்றிவிடுங்கள். ஆள் இழுபடும்போது அவை நங்கூரம்போலக் கீழே இழுக்கும்.

படி 7: சிக்கிக்கொண்டால்

உரக்கக் கத்துங்கள், மற்றவர்கள் பார்க்க வேண்டும். காற்றுப்பையை உடனே இழுங்கள். முதல் ஓரிரு நொடிகளில் பாளத்தின் ஓரத்துக்குச் சறுக்கி வெளியேற முடிந்தால் வெளியேறுங்கள். முடியாவிட்டால் தடிகளை விட்டுவிட்டு, மேலே இருக்கப் போராடுங்கள். பனி வேகம் குறைவதை உணர்ந்ததும், நிற்பதற்கு முன்பே, கைகளை முகத்துக்கு முன் கொண்டுவந்து மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். நின்ற பிறகு விரலைக்கூட அசைக்க முடியாது.

படி 8: தோழரைத் தோண்டி எடுத்தல்

முழுதும் புதைந்தவர்களில், முதல் 10 நிமிடங்களுக்குள் மீட்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன்பின் வாய்ப்பு பாதாளத்துக்கு இறங்குகிறது. அரை மணி நேரத்தைத் தாண்டும்போது மூன்றில் ஒருவருக்கும் நிச்சயம் இல்லை. ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும். காப்பாற்றக்கூடியவர்கள் அங்கே நிற்கும் தோழர்கள் மட்டும்தான்.

பதறாத காரியம் சிதறாது. முதலில் ஒரு மூச்சு நின்று, மறுபடி பனி வருமா என்று மேலே பாருங்கள். கடைசியாக அவர் தெரிந்த இடத்தை மனதில் குறியுங்கள். ஒருவர் அவசர உதவியை அழைக்கலாம், ஆனால் அதற்காகத் தேடுதல் நிற்கக்கூடாது. எல்லோருடைய டிரான்சீவரும் தேடும் நிலைக்கு மாற வேண்டும். ஒருவர் மாற்ற மறந்தாலும் எல்லோரும் அவரையே தேடிக்கொண்டிருப்பீர்கள். கடைசியாகத் தெரிந்த இடத்துக்குக் கீழே விரைந்து இறங்கி, பனி மேல் கையுறை, தடி எது தெரிகிறது என்று பார்த்தபடியே அலையைத் தேடுங்கள். அலை கிடைத்ததும் கருவியின் திரையில் அம்புக்குறியும், தூரத்தை மீட்டரில் சொல்லும் எண்ணும் காட்டும் வழியில் போங்கள். பாதை வளைந்து போவது இயல்பு. எண் 10-க்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். 3-க்குக் கீழே கருவியைப் பனிப்பரப்பை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், முன்பின்னாகவும் பிறகு இடவலமாகவும் நகர்த்தி மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

அங்கிருந்து துழாவுகோலைப் பனிப்பரப்புக்குச் செங்குத்தாக, 25 சென்டிமீட்டர் இடைவெளியில், சுருள்போல வெளிநோக்கிக் குத்திக்கொண்டு போங்கள். ஆளைத் தொட்டால் தரையைத் தொட்டதுபோல் இருக்காது, மெத்தென்று எதிர்க்கும். தொட்டதும் கோலை அங்கேயே விட்டுவிடுங்கள், எடுக்கவே கூடாது.

தோண்டுவதுதான் அதிக நேரத்தை விழுங்கும். பயிற்சிக்காக ஒரு பையில் டிரான்சீவரை வைத்து ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, நானும் ஒரு நண்பரும் முதன்முறை தேடியபோது, கோல் தொட நான்கு நிமிடம் ஆனது, தோண்டி எடுக்க ஒன்பது. நாங்கள் கோலின் மேலேயே நின்று நேராகக் கீழே தோண்டினோம். அள்ளிய பனியெல்லாம் திரும்பக் குழிக்குள்ளேயே விழுந்தது. சரியான முறை வேறு. கோலுக்குக் கீழ்ப்புறமாக, புதைந்த ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளித் தொடங்கி, சரிவுக்குள் குடைந்து போக வேண்டும். ஒருவர் முன்னால் வெட்ட, பின்னால் நிற்பவர்கள் பனியைக் கீழே தள்ளிவிட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் வெட்டுபவர் மாற வேண்டும். அதே நண்பரோடு அதே ஆழத்தில் இந்த முறையில் செய்தபோது தோண்டும் நேரம் ஐந்து நிமிடமானது.

முகம் தெரிந்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுங்கள், நெஞ்சின் மேலிருந்த சுமையை நீக்குங்கள். மூச்சு இல்லையென்றால் மார்பழுத்தம் மட்டும் போதாது. இது மூச்சுத் திணறலால் வந்த நிலை என்பதால் வாயில் மூச்சு ஊதுவது மிக முக்கியம். நீண்ட நேரம் புதைந்து குளிர்ந்துபோனவரைக் கிடைமட்டமாக, மெதுவாகக் கையாளுங்கள். உயிர் இல்லை என்று நீங்களாக முடிவு செய்து முயற்சியை நிறுத்தாதீர்கள். உடல் விறைத்துக் குளிர்ந்திருந்த சிலர் மருத்துவமனையில் சூடேற்றப்பட்ட பிறகு பிழைத்திருக்கிறார்கள்.

படி 9: திரும்பி வந்த பிறகு

ஒன்றும் நடக்காமல் திரும்பிய நாளில் எடுத்த முடிவு சரியா, அல்லது அதிர்ஷ்டமா என்று மலை சொல்லாது. அதனால் காலணியைக் கழற்றும் முன் பத்து நிமிடம் குழுவாக உட்கார்ந்து பேசுங்கள். எங்கே மனம் உறுத்தியது, யார் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டார், எந்தச் சரிவை இன்னொரு முறை கடக்க மாட்டோம். பார்த்த விரிசல், கேட்ட ஒலி, குழியில் கண்ட அடுக்கின் ஆழம், சரிவின் திசை, உயரம், நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, அந்தப் பகுதிக்கு அறிக்கை வெளியிடும் அலுவலகம் இருந்தால் அன்று மாலைக்குள் அனுப்பிவிடுங்கள். நாளை விடியலுக்கு முன் அதே மலையடிவாரத்தில் வேறொரு குழு, கைப்பேசியில் அந்த அறிக்கையைத் திறந்து படித்துக்கொண்டிருக்கும்.